அல்கலைன் தண்ணீரை மருந்தென்று விற்பதைத் தடுங்கள்: மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமை ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். தருமபுரி மாவட்டத்திலிருந்து எழுதுகிறேன். அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். எங்கள் பகுதியில் திருமண மண்டபங்களிலும் வீட்டு மொட்டை மாடிகளிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் அல்கலைன் தண்ணீர் இயந்திரங்கள், அதாவது மின்சாரத்தால் குடிநீரின் காரத்தன்மையைக் கூட்டும் இயந்திரங்கள், நோய் தீர்க்கும் கருவிகளாக விற்கப்படுகின்றன. சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், மூட்டுவலி, சிறுநீரகக் கல், புற்றுநோய் என எல்லாவற்றுக்கும் இந்தத் தண்ணீரே போதும் என்று ஒலிபெருக்கியில் சொல்கிறார்கள். இதைத் தடுக்கும் அதிகாரத்தை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் ஆணையத்துக்குக் கொடுத்திருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

தனிப் புகாராக அனுப்பாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம் உண்டு. வாங்கியவர்கள் இதைப் படிக்க வேண்டும். வாங்குவதற்கு நகையை எடுத்து வைத்திருப்பவர்கள் அவசியம் படிக்க வேண்டும். விற்பவர்களும் படிக்க வேண்டும். அவர்களில் பலர் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். கடன் வாங்கி முதல் இயந்திரத்தை வாங்கிவிட்டு, அடுத்தவரைச் சேர்த்தால்தான் போட்ட பணம் திரும்பும் என்ற நிலையில் இருப்பவர்கள்.

கூட்டம் நடக்கும் விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மேசைமேல் நான்கைந்து கண்ணாடிக் குவளைகள் இருக்கும். குளிர்பானம், ஆர்.ஓ. தண்ணீர், கேன் தண்ணீர், கடைசியில் இயந்திரத்துத் தண்ணீர். ஒவ்வொன்றிலும், அமிலமா காரமா என்பதை நிறத்தால் காட்டும் நிறங்காட்டியைச் சில சொட்டு விடுவார்கள். குளிர்பானம் சிவப்பாகும், ஆர்.ஓ. தண்ணீர் மஞ்சளாகும், இயந்திரத்துத் தண்ணீர் ஊதாவாக மாறும். "நீங்கள் நாள்தோறும் உங்கள் குழந்தைக்குக் கொடுப்பது அமிலம்" என்பார் மேடையில் நிற்பவர். முன்வரிசையில் இருக்கும் தாய்மார்களின் முகம் மாறிவிடும். அந்த நொடியிலேயே பாதி விற்பனை முடிந்துவிடுகிறது.

நிறங்காட்டி என்ன செய்கிறது என்பது நம் வீட்டுப் பெண்கள் அறியாததல்ல. ஆரத்தி கரைக்கும்போது மஞ்சள் நீரில் சுண்ணாம்பைச் சேர்த்ததும் சிவந்துவிடுகிறதே, அதே வேதியியல்தான் மேடையிலும் நடக்கிறது. தட்டில் தோன்றும் சிவப்பு, அங்கே சுண்ணாம்பு கலந்திருக்கிறது என்பதைக் காட்டும். அதைக் குடித்தால் சர்க்கரை இறங்குமா என்பதைக் காட்டாது. ஊதா நிறமும் அப்படித்தான்.

ஆர்.ஓ. தண்ணீர் மஞ்சளாவதற்கும் எளிய காரணம் உண்டு. தாது உப்புகள் நீக்கப்பட்ட நீர் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கொஞ்சம் கரைத்துக்கொள்ளும், அதன் பி.எச்., அதாவது நீர் அமிலமா காரமா என்று காட்டும் எண், 6-ஐ ஒட்டி இறங்கும். 7 என்பது நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். பி.எச். அளவுகோலை 1909-இல் டென்மார்க்கின் சோரன் சோரன்சன் உருவாக்கினார். அதில் ஓர் எண் இறங்கினால் அமிலச் செறிவு பத்து மடங்கு கூடும். எலுமிச்சைச் சாற்றின் பி.எச். 2-ஐ ஒட்டியது. அப்படியென்றால் எலுமிச்சைச் சாற்றில் இருக்கும் அமிலத்தன்மை ஆர்.ஓ. நீரில் இருப்பதைப் போல் பத்தாயிரம் மடங்கு. புளிக்குழம்பும் மோரும் தக்காளியும் அமிலத்தன்மை உடையவையே. ஆர்.ஓ. நீரைப் பற்றிக் கவலைப்பட வேண்டுமானால் அதில் கால்சியமும் மக்னீசியமும் குறைந்துபோவதைப் பற்றிக் கவலைப்படலாம். அதன் அமிலத்தைப் பற்றி அஞ்ச எதுவும் இல்லை.

இனி அந்தத் தண்ணீர் வயிற்றுக்குள் போன பிறகு என்ன ஆகிறது என்று பார்ப்போம். என் மாணவர்களுக்குக் கரும்பலகையில் போட்டுக் காட்டிய கணக்குதான் இது. நம் இரைப்பை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சுரக்கிறது. உணவு செரிக்கவும், உணவோடு வரும் கிருமிகள் அழியவும் அது வேண்டும். அதன் பி.எச். பெரும்பாலும் 1.5-க்கும் 3.5-க்கும் இடையில் இருக்கும். ஒரு நாளில் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் இரைப்பை நீர் சுரக்கிறது. வேறு உப்புகள் இல்லாத, பி.எச். 9.5 காட்டும் ஒரு லிட்டர் நீரிலுள்ள காரத்தை முழுவதும் சமன்செய்ய, பி.எச். 2 உள்ள இரைப்பை நீர் ஏறத்தாழ 3 மில்லிலிட்டர் போதும். ஒரு தேக்கரண்டிகூட இல்லை. ஒன்றரை லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கிய இயந்திரத்தின் வேலை இரைப்பையின் வாசலிலேயே முடிந்துபோகிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. சிறுநீரக நோயாளிகளில் சிலருக்கு உடலில் அமிலம் தேங்குவது உண்மையான பிரச்சினை. அவர்களுக்கு மருத்துவர்கள் சோடியம் பைகார்பனேட் மாத்திரை எழுதிக்கொடுக்கிறார்கள். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் இருக்கும் காரத்தின் அளவை, நான் மேலே சொன்ன பி.எச். 9.5 நீரிலிருந்து பெற வேண்டுமானால் ஏறக்குறைய 190 லிட்டர் குடிக்க வேண்டும். அந்த மாத்திரையின் விலை சில ரூபாய். காரம் உடலுக்குத் தேவைப்படுகிற நோயாளிக்கே இந்தத் தண்ணீரால் அதைக் கொடுக்க முடியாது.

இங்கே விற்பவர்கள் ஒரு மறுப்புச் சொல்வார்கள்: எங்கள் தண்ணீரில் தாதுக்கள் இருக்கின்றன, ஆகவே காரம் இன்னும் அதிகம் என்று. சரிதான், தாது உப்புள்ள நீரை இயந்திரத்தில் விட்டால் அளவு கூடும். ஆனால் அந்தத் தாதுக்களில் பெரும்பகுதி குழாய் நீரிலேயே இருந்தவை. நீரின் பி.எச். எண் வேறு, அமிலத்தைத் தாங்கி நிற்கும் அதன் ஆற்றல் வேறு. எங்கள் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளில் லிட்டருக்கு 400 மில்லிகிராம் காரத்தன்மை காட்டும் நீர் அபூர்வமல்ல. அதன் பி.எச். ஏழரையோ எட்டோதான் இருக்கும். ஊதா நிறம் வராது. ஆனால் அமிலத்தைச் சமன்செய்யும் திறனில், தாதுக்கள் அற்ற பி.எச். 9.5 நீரை அது இருநூறு மடங்குக்கு மேல் விஞ்சும். உப்புத் தண்ணீர் என்று நாங்கள் முகம் சுளித்துத் தள்ளிவைக்கிற போர் தண்ணீர் அது. தலைமுறை தலைமுறையாக அதைக் குடித்த ஊர்களில் சர்க்கரை நோய் வராமல் போகவில்லை, புற்றுநோயும் வராமல் போகவில்லை.

"உங்கள் இரத்தம் அமிலமாகிவிட்டது" என்பது மேடையில் அடிக்கடி கேட்கும் வாக்கியம். மனித இரத்தத்தின் பி.எச். 7.35-க்கும் 7.45-க்கும் இடையில் நிற்கிறது. நாம் எதைத் தின்றாலும் குடித்தாலும் நுரையீரலும் சிறுநீரகமும் சேர்ந்து அதை அந்த எல்லைக்குள் காக்கின்றன. நுரையீரல் ஒவ்வொரு மூச்சிலும் கரியமில வாயுவை வெளியேற்றுகிறது. சிறுநீரகம் மிச்ச அமிலத்தைச் சிறுநீரில் தள்ளுகிறது. இந்த எல்லையை இரத்தம் உண்மையிலேயே மீறினால் அந்த மனிதர் மண்டபத்தில் உட்கார்ந்து கூட்டம் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பார். இன்சுலின் இல்லாமல் போகும் சர்க்கரை நோயாளிக்கு வரும் கீட்டோஅசிடோசிஸ் அப்படிப்பட்ட நிலை. அவரைக் காப்பாற்றுவது இன்சுலினும், நரம்பு வழியே ஏற்றும் உப்புநீரும், பொட்டாசியம் அளவைக் கவனிக்கும் மருத்துவரும். அமிலம் கூடிவிட்டது என்று சொல்லி ஒருவரின் கையில் தண்ணீரைக் கொடுத்து, மருந்தை வாங்கிக்கொள்வது கொலைக்குச் சமம் என்றே நான் கருதுகிறேன்.

சிறுநீரில் சோதனைத்தாளை நனைத்துக் காட்டும் வழக்கமும் இருக்கிறது. காலைச் சிறுநீர் அமிலமாக இருப்பதைக் காட்டிப் பயமுறுத்துவார்கள். சில வாரம் கழித்துத் தாளின் நிறம் மாறியிருந்தால் "பாருங்கள், உடம்பு மாறிவிட்டது" என்பார்கள். சிறுநீரின் பி.எச். 4.5 முதல் 8 வரை ஏறி இறங்குவது இயல்பு. முந்தைய நாள் கீரை அதிகம் சாப்பிட்டாலே மாறும். அமிலச் சிறுநீர் நோயின் அடையாளமன்று. சிறுநீரகம் தன் வேலையைச் செய்கிறது என்பதன் அடையாளம்.

புற்றுநோய்க்கு வருகிறேன். ஜெர்மனியின் ஓட்டோ வார்பர்க் 1931-இல் நோபல் பரிசு பெற்றார், கார உடலில் புற்றுநோய் வாழாது என்று கண்டுபிடித்ததற்காகவே அது வழங்கப்பட்டது என்று துண்டறிக்கையில் படத்தோடு அச்சிட்டிருக்கிறார்கள். அப்படி எதற்கும் அவருக்கு நோபல் கிடைக்கவில்லை. உயிரணுக்களின் சுவாசத்துக்கு உதவும் நொதியின் தன்மையையும் செயல்படும் விதத்தையும் கண்டறிந்ததற்காக வழங்கப்பட்ட பரிசு அது. புற்றணுக்கள் ஆக்சிஜன் இருந்தும் குளுக்கோஸை நொதிக்கவைத்து லாக்டிக் அமிலத்தை வெளியிடுகின்றன என்பது வார்பர்க் கவனித்த உண்மை. கட்டியைச் சுற்றி அமிலம் சேர்வது கட்டியின் விளைவு. அந்த அமிலம் கட்டியைப் பிறப்பிக்கிறது என்று தலைகீழாக்கி, அதைத் தண்ணீர் குடித்துக் கழுவலாம் என்று மேலும் ஒரு படி ஏறுகிறார்கள். கனடாவைச் சேர்ந்த டானிஸ் ஃபென்டனும் டியான் ஹுவாங்கும் 2016-இல் பி.எம்.ஜே. ஓப்பன் இதழில் ஓர் ஆய்வுத் தொகுப்பை வெளியிட்டார்கள். 8,278 பதிவுகளைத் தேடிச் சலித்ததில் அவர்களுடைய தகுதி வரையறைக்குள் வந்தது ஒரே ஓர் ஆய்வு. அதுவும் உணவின் அமிலச்சுமையையும் சிறுநீர்ப்பைப் புற்றுநோயையும் பற்றியது. இரண்டுக்கும் தொடர்பு தென்படவில்லை. அல்கலைன் தண்ணீர் புற்றுநோயைத் தடுக்கும் என்பதற்கோ தீர்க்கும் என்பதற்கோ ஆதாரம் எதுவும் அதில் கிடைக்கவில்லை. கீமோதெரபிக்கு நாள் குறித்துக்கொண்டு வந்திருக்கும் ஒரு குடும்பத்திடம் வாய் கூசாமல் இதைச் சொல்கிறார்கள்.

இந்தக் கூற்றுகளை உலகெங்கும் பரப்பியவர்களில் ஒருவர் அமெரிக்காவின் ராபர்ட் யங். எல்லா நோய்க்கும் அமிலமே காரணம் என்று எழுதியும் பேசியும் பெரும் பொருள் ஈட்டியவர். உரிமமின்றி மருத்துவம் பார்த்ததற்காக 2016-இல் கலிஃபோர்னியாவில் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்பட்டார். அவரை நம்பி வழக்கமான சிகிச்சையைத் தவிர்த்த ஒரு பெண்ணுக்கு 10.5 கோடி டாலர் இழப்பீடு வழங்க வேண்டும் என்று 2018-இல் ஒரு ஜூரி சொன்னது.

நியாயமாக இருக்க வேண்டும் என்பதால், இந்தத் தண்ணீருக்கு ஆதரவாகச் சொல்லக்கூடியவற்றையும் எழுதிவிடுகிறேன். பி.எச். 8.8 உள்ள, பைகார்பனேட் கொண்ட இயற்கை நீர், பெப்சின் என்ற செரிமான நொதியைச் செயலிழக்கச் செய்ததாக 2012-இல் ஓர் ஆய்வு வந்தது. நடந்தது சோதனைக் குழாயில். மனித வயிற்றில் அல்ல. தொண்டை வரை ஏறிவரும் அமிலத் தொல்லைக்கு, தாவர உணவும் அல்கலைன் நீரும் சேர்ந்த முறை மாத்திரைக்கு இணையான பலன் தந்ததாக 2017-இல் இன்னோர் ஆய்வு வந்தது. அது பழைய மருத்துவப் பதிவுகளைப் பின்னோக்கிப் பார்த்த ஆய்வு. பலன் உணவால் வந்ததா, நீரால் வந்ததா என்று அதிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. உடற்பயிற்சிக்குப் பின் இரத்தத்தின் பாகுத்தன்மை சற்றுக் கூடுதலாகக் குறைந்தது என்று 2016-இல் நூறு பேரிடம் செய்த ஆய்வு ஒன்றுண்டு. அதற்கு நிதி கொடுத்தது அந்தத் தண்ணீரை விற்கும் நிறுவனம். ஆக, சிலருடைய நெஞ்செரிச்சலுக்குக் கொஞ்சம் உதவலாம் என்ற அளவில் மேலும் ஆராய இடமிருக்கிறது. அதற்கு மேல் ஒன்றுமில்லை. சர்க்கரைக்கோ புற்றுநோய்க்கோ மூட்டுவலிக்கோ இதை நீட்டுவதற்கு எந்த அடிப்படையும் கிடையாது.

சிறுநீரகக் கல்லுக்கு நல்லது என்ற பேச்சும் எங்கள் வெயில் பூமியில் எளிதாக விலைபோகிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்து ஆய்வாளர்கள் கடைகளில் விற்கும் 5 வகை அல்கலைன் தண்ணீரைச் சோதித்து 2024-இல் முடிவை வெளியிட்டார்கள். பி.எச். 10-ஐ ஒட்டியிருந்தும், சிறுநீரின் தன்மையை மாற்றும் அளவுக்கு அவற்றில் காரம் இல்லை. அதற்கு ஆரஞ்சுச் சாறு போன்றவை மேல் என்று அவர்கள் எழுதினார்கள். கல் வராமல் தடுக்க எந்த நல்ல தண்ணீரையும் நிறையக் குடித்தால் போதும். இயந்திரம் வாங்கிய வீடுகளில் சிலர் மலச்சிக்கல் தீர்ந்தது, உடல் இலகுவானது என்று மனதாரச் சொல்வதை நானும் கேட்டிருக்கிறேன். அவர்கள் பொய் சொல்லவில்லை. முன்பு நாளுக்கு மூன்று குவளை குடித்தவர்கள் இப்போது மூன்று லிட்டர் குடிக்கிறார்கள், குளிர்பானத்தையும் நிறுத்தியிருக்கிறார்கள். அந்தப் பலன் வெறும் தண்ணீருக்கு உரியது, இயந்திரத்துக்கு அல்ல.

ஜப்பானின் பெயரைச் சொல்லாமல் எந்தக் கூட்டமும் முடிவதில்லை. ஆகவே ஜப்பானில் உள்ள நடைமுறையை ஆணையம் கவனிக்க வேண்டும். அங்கே இந்த மின்பகுப்பு இயந்திரங்கள் மருத்துவக் கருவிகளின் பட்டியலில் வருகின்றன என்பது உண்மை. ஆனால் அனுமதிக்கப்பட்டிருப்பது அஜீரணம், வயிற்று உபாதை போன்ற இரைப்பை, குடல் அறிகுறிகள் தணியும் என்று சொல்ல மட்டுமே. சர்க்கரை நோய் என்றோ புற்றுநோய் என்றோ அங்கே விளம்பரம் செய்ய முடியாது. சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்களும் பொட்டாசியத்தை வெளியேற்றுவதில் குறைபாடு உள்ளவர்களும் இதைக் குடிக்கக் கூடாது என்று பயன்பாட்டுக் குறிப்பில் எச்சரிக்கை இருக்கிறது. இங்கே ஜப்பானின் பெருமையை மட்டும் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். எச்சரிக்கையை அங்கேயே இறக்கிவிட்டார்கள். டயாலிசிஸ் செய்துகொள்கிற ஒருவர் குடிக்கும் ஒவ்வொரு குவளை நீரையும் அளந்து குடிக்க வேண்டியவர். அவரிடம் போய் நாளுக்கு நான்கு லிட்டர் குடித்தால் சிறுநீரகம் திரும்ப உயிர்பெறும் என்று சொல்கிற குரல் பதிவை நான் கேட்டேன்.

என் நாத்தனாரைப் பற்றி எழுத அவரிடமே அனுமதி கேட்டேன். எழுதுங்கள் அண்ணி, நாலு பேருக்கு உதவட்டும் என்றார். பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் வந்து இயந்திரத்தை விற்றான். தாலிக்கொடியைத் தவிர மற்றதை எல்லாம் அடகு வைத்து வாங்கினார். மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொள்ளலாம் அக்கா என்று அவன் சொன்னான். அவனுக்கு மேலே இருந்தவர் அவனுக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்திருந்தார். சில மாதங்களில் மாத்திரை முற்றிலும் நின்றது. காலில் வந்த சிறு புண் ஆறவில்லை. அதையும் அந்தத் தண்ணீரால் கழுவினார்கள். கடைசியில் மருத்துவமனையில் ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. புகார் கொடுக்கலாம் என்றால், தம்பி முறையானவனை எப்படிக் காவல் நிலையத்துக்கு இழுப்பது என்று குடும்பமே கலங்கியது. நிறுவனத்தைக் கேட்டபோது, எங்கள் துண்டறிக்கையில் அப்படி எதுவும் இல்லை, விற்றவர் சொன்னதற்கு நாங்கள் பொறுப்பல்ல என்றார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

நிறுவனங்கள் நழுவிப் போகும் வழி என்று ஆணையத்திடம் நான் சுட்டிக்காட்ட விரும்புவது இதுதான். பாட்டிலில் அடைத்து விற்கும் தண்ணீர், 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டப்படி உணவு. அதன்மீது நோய் தீரும் என்று எழுதினால் உணவுப் பாதுகாப்புத் துறை கேட்கலாம். இயந்திரம் உணவல்ல. மருத்துவக் கருவி என்ற பெயரிலும் அதை இங்கே விற்பதில்லை. வீட்டு உபயோகப் பொருளாக வாசல் வழியே வருகிறது, வந்த பிறகு மருந்தாகிவிடுகிறது. அச்சிட்ட தாளில் சுத்தமான சொற்கள். மண்டபத்திலும் குரல் பதிவிலும் புற்றுநோய்.

ஆனால் சட்டத்தில் இடைவெளி இருப்பதாக நான் நினைக்கவில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2-ஆம் பிரிவு விளம்பரம் என்பதற்குத் தரும் வரையறையில் ஒளி, ஒலி, புகை, வாயு, அச்சு, மின்னணு ஊடகம், இணையம் ஆகியவற்றின் வழியே செய்யும் அறிவிப்பு எல்லாம் அடங்குகிறது. 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டமும் வாய்மொழி அறிவிப்பை விளம்பரம் என்றே சொல்கிறது. நீரிழிவும் புற்றுநோயும் அதன் அட்டவணையில் இருக்கின்றன. ஆக, மண்டபத்தில் ஒலிபெருக்கியில் சொல்வதும் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவதும் விளம்பரமே. 2021-ஆம் ஆண்டின் நேரடி விற்பனை விதிகளின்படி, நிறுவனம் அங்கீகரித்ததற்கு முரணான எந்தக் கூற்றையும் விற்பனையாளர் சொல்லக் கூடாது. நிறுவனம் ஒப்புதல் தராத பிரசுரத்தைக் கொடுக்கவும் கூடாது. தவறான விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 லட்சம் ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்க உங்களால் முடியும். பரிந்துரைப்பவர்களை ஓராண்டு வரை தடைசெய்யவும் முடியும். இவ்வளவும் கையில் இருக்கும்போது, கடன்காரனாகிவிட்ட ஒரு தம்பியின்மேல் பழியைப் போட்டுவிட்டு நிறுவனம் விலகிப் போவதை அனுமதிக்கக் கூடாது.

ஆகவே நான் கேட்பது இவைதான். இயந்திரத்தின் பெயரால் நோய் தீர்வது பற்றிக் கூட்டத்திலோ குழுக்களிலோ சொல்லப்படும் எந்தக் கூற்றும் நிறுவனத்தின் விளம்பரமாகவே கருதப்படும் என்று வெளிப்படையாக அறிவியுங்கள். ஒவ்வொரு நோயின் பெயரைச் சொல்லும் நிறுவனத்திடமும், அந்த நோய் உள்ள மனிதர்களிடம் தம் இயந்திரத்துத் தண்ணீரைக் கொடுத்துச் செய்த ஆய்வைக் கேளுங்கள். எலியிடம் செய்ததும் சோதனைக் குழாயில் செய்ததும் போதாது. இல்லையென்றால் அந்தக் கூற்றைத் திரும்பப் பெற்று, ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் எழுத்தில் தெரிவிக்கச் சொல்லுங்கள். ஜப்பானில் இருப்பதுபோன்ற சிறுநீரக நோய் எச்சரிக்கையை இயந்திரத்தின் முகப்பில், தமிழிலும் விற்கப்படும் மாநிலத்தின் மொழியிலும் ஒட்டச் சொல்லுங்கள். "மருத்துவர் எழுதிய மருந்தை நிறுத்தாதீர்கள்" என்ற வரியும் அதில் வேண்டும். சட்டத்தின் 16-ஆம் பிரிவு மாவட்ட ஆட்சியருக்கு விசாரிக்கும் அதிகாரம் தருகிறது. தமிழ்நாட்டு ஆட்சியர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினால், மண்டபம் பதிவாகும்போதே யாராவது போய் உட்கார்ந்து கேட்க முடியும்.

இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500, குடிநீரின் பி.எச். 6.5 முதல் 8.5 வரை இருக்க வேண்டும் என்கிறது. அதில் தளர்வு கிடையாது. 9-ஐத் தாண்டினால் உடனே உடல் கெடும் என்று நான் சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனமும் பி.எச்.சுக்கு உடல்நல அடிப்படையிலான வரம்பு எதையும் வைக்கவில்லை. ஆனாலும் நாட்டின் குடிநீர்த் தரத்துக்கு வெளியே இருக்கும் நீரைக் கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் பரிந்துரைக்கும் நிறுவனம், எந்த அடிப்படையில் பரிந்துரைக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

பாட்டில் வடிவில் விற்பதையும் கண்காணிக்க வேண்டும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்தது ஒரு பாடம். நெவாடா மாநிலத்தில் அல்கலைன் என்று விற்கப்பட்ட ரியல் வாட்டர் என்ற தண்ணீரைக் குடித்த 5 குழந்தைகளுக்கு 2020 நவம்பரில் கல்லீரல் செயலிழந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். நல்லவேளையாகப் பிழைத்தார்கள். மறு ஆண்டு அதன் தயாரிப்பை நிறுத்த நீதிமன்றம் உத்தரவிட்டது. பின்னர் வந்த வழக்கில் அந்தத் தண்ணீரில் ஹைட்ரசீன் என்ற நச்சு இருந்தது பேசப்பட்டது. கார எண்ணால் வந்த கேடல்ல அது, தயாரிப்பில் வந்த கேடு. உடலுக்கு நல்லது என்ற பெயர் ஒட்டியதும் யாரும் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்காமல் போகிறார்கள். அந்தக் கேள்வியை அரசாவது கேட்டாக வேண்டும்.

கடைசியாக எங்கள் மாவட்டத்தின் தண்ணீரைப் பற்றி. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம். பழுப்பு ஏறிய பற்களையும், வளைக்க முடியாமல் இறுகிய முதுகுகளையும் பள்ளியிலும் தெருவிலும் பார்த்து வளர்ந்தவள் நான். பைகார்பனேட் மிகுந்து கால்சியம் குறைந்த காரநீர், பாறையிலிருந்து ஃப்ளூரைடை எளிதாகக் கரைத்துக்கொண்டு வரும். இயற்கையாகவே காரமான நீர் எங்களுக்குக் கொண்டுவந்து சேர்த்தது அது. 2013-இல் தொடங்கி வைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தால் காவிரி நீர் ஊர் ஊராக வந்தது. அது வந்த தெருக்களில் நிம்மதி வந்தது. குழாயில் நீர் வராத நாட்களில் மீண்டும் போர் தண்ணீர்தான். எங்கள் மக்களுக்குத் தண்ணீரைப் பற்றிய பயம் இருப்பதற்கு நியாயம் இருக்கிறது; அந்தப் பயத்தைத்தான் மண்டபத்தில் விலைபேசுகிறார்கள். ஃப்ளூரைடு எவ்வளவு இருக்கிறது என்று அங்கே யாரும் சோதித்துக் காட்டுவதில்லை. பி.எச்.சை உயர்த்துவதால் ஃப்ளூரைடு போய்விடாது. தண்ணீருக்காகச் செலவு செய்ய ஒரு குடும்பத்திடம் பணம் இருந்தால், முதலில் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் நீரைச் சோதித்துப் பார்க்கட்டும். சோதனையில் வரும் குறைக்கு ஏற்றதை வாங்கட்டும்.

கூட்டங்களில் கொடுத்த துண்டறிக்கைகள், வாங்கியவர்கள் எனக்கு அனுப்பிய குரல் பதிவுகள், விலைச்சீட்டுகள் ஆகியவற்றைத் திரட்டி வைத்திருக்கிறேன். கொடுத்தவர்கள் தங்கள் பெயர் வெளியே வரக் கூடாது என்று கேட்டிருக்கிறார்கள். விற்றவர்கள் உறவினர்கள் என்பதே காரணம். அந்தப் பாதுகாப்பை எழுத்தில் உறுதிசெய்து, எந்த அலுவலரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று ஆணையம் தெரிவித்தால், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு நானே நேரில் கொண்டுவந்து கொடுக்கிறேன். விசாரணையில் சாட்சி சொல்ல என் நாத்தனாரும் சம்மதித்திருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை,
தருமபுரி மாவட்டம்